மருமகளுக்கு ஒரு குதிரை

மார்ச் 3

என் அருமை மருமகளுக்கு,

நான் சுகம். கம்ப்யூட்டர்தான் சுகமில்லை.

சில ஞாயிறுகளாக நம் கம்ப்யூட்டர் பண்ணை விளையாட்டில் என்னைக் காணாமல் தேடியிருப்பாய். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தும் இருப்பாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டன் போனில் தமிழ் எழுத வராது, காதில் வைத்தால் எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதனால்தான் தபால். என் கையெழுத்தைப் படிக்க முடியாவிட்டால் பக்கத்தில் யாராவது டாக்டர் இருந்தால் காட்டு. வெளிநாட்டில் நீ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில்தானே.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. உன் பிறந்தநாள் வருகிறதே, நம் பண்ணையில் உனக்கு ஒரு குதிரை வாங்கித் தரலாம் என்று ஆசைப்பட்டேன். சந்தையில் குதிரை விற்கிற விலைக்கு நான் ஆயுசு முழுக்கப் பூசணிக்காய் பயிரிட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஓரத்தில் ஒரு விளம்பரம்: ‘உங்கள் பண்ணைக்கு இலவசக் குதிரை.’ தட்டினேன். அனுமதி கேட்டது, ஆம் என்றேன். மறுபடி கேட்டது, மறுபடியும் ஆம். உன் மாமனார் இருந்த காலத்தில் அவர் பேச்சுக்கு ஒரு தடவையாவது இப்படி மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருந்தால் மனுஷன் ஊரைக் கூட்டி விருந்து வைத்திருப்பார். குதிரை வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம் என்று எழுதியிருந்தது. சல்லிக்காசு தரமாட்டேன் என்று மின்சாரத்தையே பிடுங்கிவிட்டேன்.

நம் சலவைக் கடையின் நிலைமை உனக்குச் சொல்லத் தேவையில்லை. துணியில் குத்திய சீட்டில் நம்பர் இருக்கிறது. அந்த நம்பர் யாருடையது என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். இப்போது அலமாரி நிறைய அநாதைத் துணிகள். வாடிக்கையாளரின் இடுப்பைப் பார்த்து, பேன்ட்டைப் பார்த்து, குத்துமதிப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் குண்டு வக்கீலின் கறுப்புக் கோட்டு ஒல்லி வக்கீலுக்குப் போய்விட்டது. அவரும் அவசரத்தில் பார்க்காமல் மாட்டிக்கொண்டு கோர்ட்டில் போய் நின்றிருக்கிறார். நீதிபதி, “என்ன வக்கீல் சார், உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தாராம். அன்றிலிருந்து தேய்ப்புக்காரர் என் காதருகே வந்து, “நோட்டுல எழுதி வெச்சா வைரஸ் வராதும்மா” என்று கத்திவிட்டுப் போகிறார்.

என் மகன் வந்து பார்த்தான். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடு, மேக் வாங்கித் தருகிறேன், அதுதான் பாதுகாப்பு என்கிறான். விலையைக் கேட்டதும் எனக்குப் போன காது திரும்பிவிடும் போலிருந்தது. விண்டோஸே போதும் என்கிறார் எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறதாம், அப்படியா? இலவசம் என்றாலே இப்போது குதிரைதான் ஞாபகம் வருகிறது.

நீ சொல்வதைத்தான் வாங்குவேன். கடை பிழைக்க வேண்டும், கை கடிக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை நம் பண்ணை திறக்க வேண்டும். கோர்ட்டில் உனக்கும் என் மகனுக்கும் விவாகரத்து ஆனபிறகு நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள அந்த இடம்தானே இருக்கிறது. அங்கே எழுத்தில் பேசுகிறாய், எனக்குக் காது தேவைப்படவில்லை. இது மகனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உன் அத்தை

---

மார்ச் 17

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கடிதம் கண்டேன். உங்கள் கையெழுத்தை ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை. பஸ்ஸில் படித்து நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் வந்து பார்த்தேன். உங்கள் பூசணிக்கொடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றிவிட்டேன், வாடவில்லை.

முதலில் அவசரமான விஷயம். கல்லா மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய பில் புத்தகங்களுக்கு அடியில், ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். சோப்புக் கட்டி அளவுதான். நான் அங்கே இருந்தவரை சனிக்கிழமைதோறும் கடைக் கணக்கை அதில் நகல் எடுத்து வைப்பேன். நான் கிளம்பிய வாரம் வரைக்கும் உள்ள பெயர்கள் அதில் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் மட்டும் அதைச் செருகிவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டது. மேக் கெட்டியானது, நெடுநாள் உழைக்கும், ஆனால் பில் போடுவதற்கும் சீட்டு அடிப்பதற்கும் அத்தனை விலை அதிகம். விண்டோஸ் எல்லோருக்கும் பழகியது, எல்லா விளையாட்டும் ஓடும். ஊரில் பாதிப்பேர் அதில்தான் இருக்கிறார்கள் என்பதால் திருடர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம் சுற்றுவார்கள். அப்டேட் கேட்கும்போதெல்லாம் ‘நாளைக்கு’ என்று தள்ளாமல் இருந்தால் அதிலும் பயமில்லை. உங்களை எனக்குத் தெரியும், நீங்கள் தள்ளுவீர்கள். லினக்ஸ் உண்மையிலேயே இலவசம், குதிரை மாதிரி இல்லை. இருக்கிற பழைய கம்ப்யூட்டரையே முழுக்கத் துடைத்துவிட்டு ஏற்றலாம். கடைக்கு அது தாராளமாகப் போதும். எப்படி ஏற்றுவது என்று தனித்தாளில் படிப்படியாக எழுதியிருக்கிறேன். எது வாங்கினாலும் சனிக்கிழமை நகலை மட்டும் விடாதீர்கள்.

ஆகவே என் பதில் லினக்ஸ்.

நம் பண்ணை அதில் ஓடாது. இப்போதெல்லாம் நிறைய விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன, நம்முடையது ஓடாது. ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க அதற்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான், அவன் லினக்ஸைக் கண்டால் உள்ளே விடமாட்டான். மேக்கிலும் அந்த விளையாட்டு வரவில்லை.

தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். உங்கள் மகன் இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்வார், செய்துகொள்ளவும் வேண்டும். வருகிறவள் உங்களை அத்தை என்று கூப்பிடும்போது, நானும் உங்களை அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருக்காது. அவருக்குத் தெரியாமல் நாம் சந்திப்பதும் சரியில்லை. இப்படியே ஒரு கதவு தானாக மூடிக்கொண்டால் யார் மனமும் நோகாது என்று தோன்றியது.

உங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது என் துணிகளை எல்லாம் வாங்கிப் போய், துவைத்து, தேய்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தீர்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகிற மருமகளுக்கு யார் இதைச் செய்வார்கள்? குளிர்கோட்டின் உள்பக்கம் நீங்கள் குத்திய சீட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. மிகவும் நன்றி அம்மா.

இப்படிக்கு,
நன்றியுடன்

---

மார்ச் 30

மருமகளுக்கு,

கறுப்புப் பெட்டி கிடைத்தது. ஜெராக்ஸ்காரரின் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தோம். பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு வக்கீல்களும் தங்கள் தங்கள் கோட்டில் இருக்கிறார்கள். நீ இந்த வீட்டில் இருந்த கடைசி வாரம், அழுது அழுது முகம் வீங்கியிருந்த அந்தச் சனிக்கிழமைகூட, என் கடைக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறாய். அந்தத் தேதியைத் திரையில் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, கண்ணு.

நன்றி முடிந்தது. இனி சண்டை.

அம்மாவா? மகனைத் தவிர என்னை அம்மா என்று கூப்பிடுகிறவர்கள் யார் தெரியுமா? பேங்குக்காரர், பால் போடுகிறவர், துணி காணோம் என்று சண்டைக்கு வருகிறவர். அந்த வரிசையில் நீ எப்போது போய் நின்றாய்? கடிதத்தில் கையெழுத்தும் இல்லை, ‘நன்றியுடன்’ என்றால் அது யார்?

பாதுகாப்பு பார்த்தாய், செலவு பார்த்தாய், இன்னும் வராத ஒருத்தியின் மனசையும் பார்த்தாய். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நான் என்ன செய்வேன் என்று பார்த்தாயா? நாள் பூராவும் ஆட்களின் உதட்டைப் பார்த்துப் பார்த்து, பாதி புரிந்து பாதி புரியாமல் சிரித்து வைப்பேன். வாரத்தில் ஒரு நாள், நீ டைப் அடித்து, நான் முழுசாகப் படித்து, முழுசாகச் சிரிப்பேன். மகனைக் கட்டியதால் நீ எனக்கு மருமகளானாய், வாஸ்தவம். அதற்காக அவன் விட்டதும் நானும் விட வேண்டும் என்று எந்தக் கோர்ட்டில் சொன்னார்கள்?

அவனுக்குத் தெரியாமல் செய்வது தப்பு என்கிறாய். அது மட்டும் சரி. வரும் ஞாயிறு மேக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம். சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு என்ன ஆகுமோ தெரியாது.

கோபத்துடன்,
உன் அத்தைதான்

---

ஏப்ரல் 20

மருமகளுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால் தாமதமோ, நீதான் தாமதமோ, எப்படியும் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மகன் வந்தான். பெட்டியைப் பிரிக்கப் போனவனை நிறுத்தி, “எனக்கு இது வேண்டாம்டா. இதுல என் விளையாட்டு ஓடாது” என்றேன்.

என் இடது காதருகே குனிந்து, “எந்த விளையாட்டும்மா?” என்றான்.

“நீதானே எங்க ரெண்டு பேருக்கும் போட்டுக் குடுத்த? அந்தப் பண்ணை.”

“இன்னுமா ஆடுறீங்க? யாரோட?”

“என் மருமகளோட.”

வெளுக்க வந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். தேய்ப்புக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சைகை காட்டி நழுவினார். கத்துவான் என்று நினைத்தேன். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டான்.

“அந்தப் பண்ணையில என் வீடு இன்னும் இருக்கா?”

“இருக்கு. நீ பூட்டிட்டுப் போனபடியே இருக்கு. வாசல் செடிக்கு அவதான் தண்ணி ஊத்துறா.”

“என் செடிக்கா?”

“அவ யார் செடின்னு பாக்கறதில்ல.”

அழுதான், மருமகளே. உங்கள் விஷயம் முறிந்தபோதுகூட என் முன்னால் அழாதவன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடி, பல் டாக்டரின் தேய்த்து வைத்த வெள்ளைக் கோட்டை எடுத்துவிட்டான். அதை மறுபடி துவைத்தேன்.

மேக் அவன் ஆபீஸுக்கே போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டரைத் துடைத்து லினக்ஸ் ஏற்றினான், உன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக. ஜெராக்ஸ்காரர் வேறு வழி ஏதோ சொன்னதற்கு, “அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்றான். அதை உதட்டில் பார்த்தேன், தப்பாகப் படிக்கவில்லை. சீட்டு அடிக்கிறது, பில் போடுகிறது, தேய்ப்புக்காரரே பயமில்லாமல் தட்டுகிறார். சனிக்கிழமை நகலும் நடக்கிறது.

மறுநாள் அவன் கல்யாணத்துக்கு முன்பு வைத்திருந்தானே, பெரிய விளையாட்டுக் கம்ப்யூட்டர், அதை என் அறையில் கொண்டுவந்து வைத்தான். விண்டோஸ்தான், அப்டேட் எல்லாம் முடித்து, என்னைக் கேட்காமலே இனி தானாக ஆகும்படி செய்துவிட்டான். புதிதாக எதை ஏற்றுவதாக இருந்தாலும் அவன் பாஸ்வேர்டு கேட்கும். மாவு மில் மாதிரி சத்தம் போடுகிறதாம், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அந்தத் தொல்லை எனக்கு இல்லை.

கடைசியாகத் தன் பெயரில் ஒரே ஒரு தடவை விளையாட்டுக்குள் போனான். வீட்டுச் சாவியையும் நிலத்தையும் நம் இரண்டு பேர் பெயருக்கும் எழுதிவிட்டு வெளியே வந்தான். “நான் இனிமே அங்க வர மாட்டேன்மா. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க” என்றான். அவனுக்கு ஒருத்தி அமைந்தால் நானே அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிடுவேன். ஒளித்து வைக்கிற உறவா இது?

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். வழக்கமான நேரத்துக்கு வாசலில் நிற்பேன். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் உன் செடிக்கும் நானே ஊற்றிக்கொள்கிறேன், குறையொன்றும் சொல்ல மாட்டேன்.

அத்தை

---

மே 4

அத்தைக்கு,

தபால் தாமதமில்லை, நான்தான். உங்கள் சண்டைக் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். ‘அம்மா’ என்று ஆரம்பித்தால் கை ஓடவில்லை. ‘அத்தை’ என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அடுத்த கடிதம் நேற்று வந்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கம்ப்யூட்டர் கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். ‘அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். அவரோடு வாழ்ந்த காலத்தில் நான் கேட்க ஏங்கிய வரி அது. அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். எனக்கு இனி அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை, அதையும் சொல்லுங்கள்.

என்னைக் கைவிடாததற்கு உங்களுக்கு என்ன சொல்வேன்? எனக்கு வாய்த்ததில் நல்லது நீங்கள்தான், அத்தை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பண்ணைக்குள் போனேன். நீங்கள் வர இன்னும் நேரமிருந்தது. அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உங்கள் கொடிகளில் ஒரு பூசணிக்காய்கூட இல்லை. பரண் காலி, சந்தைக் கணக்கு காலி, மண்வெட்டியைக்கூடக் காணோம். திருடன் புகுந்துவிட்டான் என்று பதறி என் வீட்டுப் பக்கம் ஓடினேன்.

வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. கழுத்தில் நம் கடைச் சீட்டு மாதிரியே ஒரு பலகை கட்டி, நம்பர் போடாமல், ‘மருமகளுடையது’ என்று எழுதியிருந்தீர்கள்.

இருந்ததை எல்லாம் விற்றா இதை வாங்கினீர்கள்? குதிரைக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். நீங்கள் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்