நாற்பது மாமரங்களுக்குத் தண்ணீர் நிறுத்தியது

அக்டோபர் 31, வெள்ளி

விடியலிலிருந்து மழை. குடை கடையிலேயே கிடக்கிறது. மந்தைவெளி நிறுத்தம் வரை நனைந்துகொண்டே நடை. பஸ்ஸில் எல்லா ஜன்னலும் மூடி, ஈரத்துணி வாடை.

உரக் கடைக்கு இன்று மூன்றே பேர்.
1. தேங்காய் நார்த்தூள் மூட்டை மழையில் நனைந்தால் கெட்டுப்போகுமா?
2. மாடிக் கறிவேப்பிலை, இலையெல்லாம் மஞ்சள்.
3. மயிலாப்பூர் மாமி, போன வாரமும் வந்தவர். “எங்காத்து எலுமிச்சை பூக்கறது, பூத்த கையோட கொட்டிண்டே இருக்கு. நீ சொன்னதெல்லாம் போட்டாச்சு. நீ நெஜமாவே படிச்சவதானே?”

தலையாட்டினேன். தலையாட்டத்தான் வரும் எனக்கு.

1.30க்கு அப்பாவின் போன். ஓமனில் பேரீச்சைத் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம். வெள்ளி மட்டும் ஓய்வு. எப்போதும் இரண்டு நிமிடம்தான்: சாப்டியா, சாப்டேன், மழையா, மழை, வைக்கட்டா. இன்று ஒன்பது நிமிடம். கடை மாடிப்படிக்குக் கீழே நின்று பேசினேன்.

“பேரீச்சைக்கு நடுவுல நாப்பது மாங்கன்னு வெச்சேன்ல? நாலு வருசம் ஆயிப்போச்சு. ஆளு ஒசரம் கீது. பூ மட்டும் வெக்கல. இந்த தபா பூக்கலன்னா புடுங்கிப் போட்டு புல்லு வெதைக்கிறேன்றான் அர்பாப்.” அர்பாப் என்றால் முதலாளி. “நீதான் செடிப் படிப்பு படிச்சிக்கிறியே. இன்னா பண்லாம், சொல்லு.”

அப்பா என்னிடம் ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை. ஓமன் போகும் முன் கோபாலபுரத்தில் மூன்று பங்களாவுக்குத் தோட்டக்காரராக இருந்தவர்.

மூன்றாம் வருட நோட்டு ஞாபகம் வந்தது. பூக்கும் முன் இரண்டு மாதம் தண்ணீரை நிறுத்தினால் மாமரம் பூக்கும். சொன்னேன்.

“ரெண்டு மாசம், சுத்தமா வாணாமா?”

“வேண்டாம்ப்பா.”

அந்தப் பக்கம் காற்று இரைச்சல். “சரி. நீ சொன்னா சரி.”

மாலை வரை உடம்பு லேசாக இருந்தது. குடையை மறந்து, மழையில் நனைந்தே விடுதிக்கு.

நவம்பர் 14, வெள்ளி

வெயில், புழுக்கம். சட்டை இரண்டும் இன்னும் காயவில்லை.

அப்பா பதினொரு நிமிடம்! தோட்டம் பற்றி நிறையச் சொன்னார். கன்றுகளுக்கு மேற்குப் பக்கம் பேரீச்சை ஓலை கட்டி மறைப்பு. அடிமரத்துக்குச் சாக்குச் சுற்று. கிணற்றுத் தண்ணீர் உப்பாம். ஊற்றின இடத்தில் வெள்ளையாகப் படியுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாக அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

கூட வேலை பார்க்கும் ஹம்சா, மலையாளி, கேலி செய்கிறாராம். “மணல்ல தண்ணிய நிறுத்துறியே, மண்ட கொழம்பிடுச்சான்னு கேக்குறான். எம்பொண்ணு அக்ரி ஆபீசர்டா, உனுக்கு இன்னாடா தெரியும்னேன்.”

நான் ஆபீசர் இல்லை. பி.எஸ்ஸி. தாவரவியல். உரமும் பூந்தொட்டியும் விற்கிற கடையில் போன் எடுக்கிறேன். திருத்தவில்லை. அந்த வார்த்தை நன்றாக இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

தூறல். தலைவலி. சோப்பு வாங்க வேண்டும்.

அப்பா படம் அனுப்பினார். இலை நுனி எல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பு. “இப்பிடித்தான் ஆவுமா?”

“ஆமாம்ப்பா, அப்புறம் பூக்கும்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது, சொன்ன பிறகு.

நாள் முழுக்க அந்த இலை. மாமி வந்தார், எலுமிச்சை இன்னும் கொட்டுகிறது. என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மேகம், மழை இல்லை. விடுமுறை. பட்டினப்பாக்கம் போனேன், கடற்கரை மணல் எடுக்க. துணிப்பையில் அள்ளிக்கொண்டிருந்தபோது மீன் விற்கும் அக்கா:

“இன்னாமா, மூட்ட கட்டிக்கினு போற? எங்களுக்கும் கொஞ்சம் வுட்டு வையி!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வெறும் கையோடு வர வெட்கமாக இருந்ததால் கால் கிலோ நெத்திலி. விடுதியில் சமைக்க முடியாது. காவலாளிக்குக் கொடுத்தேன்.

இரண்டு தயிர் டப்பா, அடியில் ஓட்டை. ஒன்றில் கடையிலிருந்து எடுத்துவந்த செம்மண். ஒன்றில் மணல். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

மணல்: பத்து எண்ணுவதற்குள் எல்லாம் கீழே. மத்தியானம் மின்விசிறிக்கு அடியில் காய்ந்து பொடி.
செம்மண்: மாலையிலும் விரலில் ஒட்டுகிறது.

அறைத்தோழி கௌசல்யா, தி.நகரில் துணிக்கடை வேலை, திருநெல்வேலிக்காரி. கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, மண்ணை அளந்துட்டு என்ன செய்யுத?”

“அப்பாவுக்கு.”

“உங்கப்பா பாலைவனத்துல இருக்காருன்ன. அவருக்குப் போயி இங்கேருந்து மணல் அனுப்பப் போறியாக்கும்?”

நோட்டை எடுத்தேன். அந்த வரிக்கு இரண்டு வரி மேலே, என் கையெழுத்திலேயே: பருவமழையை நன்கு உறிஞ்சிய நிலத்தில். அப்பாவிடம் கீழ் வரியை மட்டும் சொல்லியிருக்கிறேன். அங்கே எந்த மழை? ஐந்து வாரமாக ஒரு சொட்டு இல்லை. வழக்கமாக ஊற்றுகிற தண்ணீர்தான் உப்பை வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கும். இப்போது உப்பு மேலே ஏறி வேரில் உட்கார்ந்திருக்கும்.

போன் கையில். வெள்ளி அன்று பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். ஐந்து நாள். மரத்துக்கு ஐந்து நாள் என்றால் என்ன என்று தெரிந்துதான் வைத்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மழை. சாப்பாடு பிடிக்கவில்லை.

“அப்பா, தண்ணி விட்டுடுங்க இனிமே. நிறைய.”

“ரெண்டு மாசம் ஆவலயே?”

“போதும்ப்பா.”

“பூ வரலயே?”

“போதும்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தப்பு என்று நான் சொல்லவில்லை. மூன்று நிமிடம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. மரம் எல்லாம் போனால் அப்பா ஊருக்கு வந்துவிடுவார் என்று பஸ்ஸில் ஒரு நினைப்பு. மந்தைவெளி முதல் அடையாறு வரை அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். சின்ன வீடு, மந்தைவெளிப் பக்கம், இரண்டு பேர். அம்மா போனபோது அவருக்குக் கிடைத்தது ஒன்பது நாள் லீவு. அதற்குப் பிறகு வரவே இல்லை. அடையாறில் இறங்கும்போது என் மேலேயே அருவருப்பு.

டிசம்பர் 19, வெள்ளி

வெயில்.

அப்பா எண்ணிலிருந்து ஹம்சா. அப்பாவுக்குத் தெரியாமல் போனை எடுத்தாராம், தன் எண்ணையும் சொன்னார். குரல் ரகசியமாக.

“மோளே, பதிமூணு மரம் போயி. அர்பாப் வந்து பார்த்தான். உன்னோட அப்பா, மோட்டார் போட மறந்து தூங்கிட்டேன்னு சொல்லிட்டாரு. தூங்குறவன் எனக்கு வேண்டாம்னு சொல்லி ஆட்டுக் கொட்டிலுக்கு மாத்திட்டான். பாக்கி மரத்தையும் புடுங்கப் போறான். நாலு வருஷம் புள்ளை மாதிரி பார்த்தது மோளே, நீ ஏதாவது பேசு.”

பத்து நிமிடம் கழித்து நானே அப்பாவை அழைத்தேன். நானாக அழைப்பது அபூர்வம். அம்மா இறந்த சேதி சொன்ன பிறகு இதுதான்.

“நான் சொன்னது தப்புப்பா. மணல்ல தண்ணி நிக்காது.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பதினோரு வருசமா அதே மணல்ல கீறேன், தெரியாதா?”

“அப்ப ஏன்ப்பா?”

ஆடு கத்துகிற சத்தம். “மொத மொதலா ஒண்ணு சொன்ன. வாணாம்னு எப்பிடிச் சொல்றது?”

அர்பாபிடம் நான் சொல்கிறேன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது அவருக்கு. “ஒண்ணியும் சொல்ல வாணாம். ஆடு மேய்க்கிறதும் வேலதான். இங்க அத்தினி பேரும் உன்ன ஆபீசர்னு நெனச்சிக்கினு கீறாங்க. அதுவும் பூட்ச்சின்னா எனக்கு இங்க இன்னா கீது?”

மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். நார்த்தூள் மூட்டை இறக்க வந்தவர், “நகரு பாப்பா” என்றார். நகர்ந்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பனி மாதிரி. கோயில் ஒலிபெருக்கி. கௌசல்யாவுக்கு இன்றும் வேலை, பொங்கல் வியாபாரம். அறை எனக்கு மட்டும்.

ஹம்சாவுக்குக் குரல் பதிவு. நான்கு தடவை அழித்தேன். பழக்கமில்லாதவர்களிடம் பேசினால் குரல் உள்ளே போய்விடுகிறது. ஐந்தாவது:

“நான் பேசுறத அரபியில அர்பாப்கிட்ட சொல்லுங்க. தண்ணிய நிறுத்தச் சொன்னது நான்தான். அப்பா மறக்கல. நான் ஆபீசர் இல்ல. கடையில வேலை செய்றேன். பாக்கி இருபத்தேழு மரத்தையும் அப்பா காப்பாத்துவார், கொட்டிலிலிருந்து விட்டா.”

அப்பாவுக்கு இதைவிடப் பெரிய துரோகம் நான் செய்ததில்லை. அனுப்பினேன். அலமாரியை ஒழுங்கு பண்ணினேன். மறுபடி ஒழுங்கு பண்ணினேன்.

டிசம்பர் 24, புதன்

ஹம்சாவின் குரல் பதிவு: “சொன்னேன். அர்பாப் சிரிச்சான். பொய் சொல்றவன் பரவால்ல, தூங்குறவன்தான் ஆகாதுன்னான். நாளையிலேருந்து உன் அப்பா மாந்தோட்டத்துல. உன் அப்பா என்கிட்ட பேசறதில்ல.”

கடையில் கணக்கு எடுக்கும் நாள், தொட்டிகள் எண்ண வேண்டும். எண்பத்திரண்டா, எண்பத்துமூன்றா, மூன்று தடவை எண்ணினேன்.

டிசம்பர் 26, வெள்ளி

வெயில் இதமாக. 1.30க்குப் போன் வரவில்லை. 2 இல்லை. அப்பா இனிமேல் கூப்பிடமாட்டார் என்று முடிவே பண்ணிவிட்டேன். மாமி வந்து மொட்டு ஒன்றைத் தாளில் மடித்துக் காட்டினார். தெரியவில்லை மாமி, என்றேன். “அதை மொதல்லயே சொல்லப்படாதோ?” என்று போய்விட்டார்.

3.10. அப்பா.

சாப்டியா இல்லை. நேராக: “எல்லாருக்கும் சொல்லிட்ட.”

“ஆமாம்ப்பா.”

“ஹம்சா கேலியா கேக்குறான், ஆபீசர் எப்ப வர்றாங்கன்னு.”

எனக்கு அழுகை. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். அவர் இருமினார். பிறகு, வேறு யாரிடமோ பேசுவது போல:

“அர்பாப் கேக்குறான், மிச்ச மரத்துக்கு எப்பிடித் தண்ணின்னு.”

“எனக்குத் தெரியலப்பா.”

“எனக்குத் தெரியும். நாள் வுட்டு நாள், விடியறதுக்கு முன்னாடி, உப்பு கீழ எறங்குற மாதிரி நெறைய.”

“அதையே சொல்லுங்க.”

“நான் சொன்னா ஏறாது அவனுக்கு. படிச்ச பொண்ணு சொல்லணுமாம். தப்ப ஒத்துக்கினா இல்ல, இனி சரியாச் சொல்லுவான்றான்.” ஒரு சின்னச் சிரிப்பு, சிரிப்புதானா என்று தெரியவில்லை. “நீ ஒரு வாட்டி சொல்லு. ரெக்கார்டு பண்ணி அவனுக்குப் போட்டுக் காட்டறேன்.”

சொன்னேன். நாள் விட்டு நாள் அப்பா, விடியறதுக்கு முன்னாடி அப்பா, நிறைய.

“அப்பா அப்பான்னு கூப்புடாத. ஆபீசர் மாதிரி சொல்லு.”

மறுபடி சொன்னேன்.