கண் மட்டத்தில் வைத்த பூ

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ கல்யாணமாகிப் போன நாட்டில் எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பாய், அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல், நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த ஆபீஸ் முகவரிக்கு. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, பதறாதே. பதற்றமெல்லாம் எனக்குத்தான். பத்து நாளாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள் என்று நான் வாயெடுத்தால் மட்டும் எங்கிருந்தோ திரும்ப வந்துவிடுகிறது. நம் பூக்கடையில் கத்தரி கண்ணாடி போட்டுவிட்டாள். ஞாபகம் இருக்கிறதல்லவா, கையில் ஒரு கத்தரியும் வாயில் அதைவிடக் கூரான கத்தரியுமாக எனக்குத் துணைக்கு நிற்பாளே, அவள்தான். கண்ணாடி போட்ட நாளிலிருந்து என் முகத்துச் சுருக்கமெல்லாம் அவளுக்குத் தெரிகிறதாம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். கல்யாணக் காலம் என்பதால் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, வாளிகளுக்கு நடுவே நடக்க இடமில்லை. போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்கு மேடையும் சாப்பாட்டு மேசைகளும் நாங்கள்தான் அலங்காரம் செய்தோம். என் பயமெல்லாம் அங்கே பிடித்ததுதான், அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், அலுத்துக்கொள்ளாமல் படி.

நான் கடைக்கு வருகிற பெண்களிடம் எந்தப் பூ பிடிக்கும் என்று முதலில் கேட்க மாட்டேன், எந்தப் பூ பிடிக்காது என்றுதான் கேட்பேன், உனக்குத் தெரியும். பிடித்ததைச் சொல்ல எல்லோரும் யோசிப்பார்கள், பிடிக்காததைச் சொல்ல யாருக்கும் யோசனையே வேண்டாம். ஒருத்தி ஜெர்பராவைப் பார்த்து, இது எங்க ஹெட்மிஸ்டிரஸ் மூஞ்சி மாதிரி இருக்கு, இது மட்டும் வேணாம் ஆன்ட்டி என்றாள். நீ பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே லில்லியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலைவலிப் பூ வந்துடுச்சு என்று கடை அதிரக் கத்துவாய். அந்த வரவேற்புக்குப் பூ பேச வந்த கல்யாணப் பெண்ணிடமும் அப்படித்தான் கேட்டேன். அவள் திரும்பி, கூட வந்திருந்த மாப்பிள்ளைப் பையன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே, அவளுக்குப் பிடிக்காததுன்னு ஒண்ணும் இல்லைம்மா, எல்லாமே பிடிக்கும் என்றான். பையனைக் குறை சொல்ல முடியாது பார், அத்தனை மரியாதை. அப்பா தண்ணீர் வாளியைத் தூக்கப் போனால் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்க்கா என்று கத்தரியே உருகிப் போனாள், அவள் யாரையும் லேசில் மெச்சுகிறவளா? எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கூச்ச சுபாவமுள்ள பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை மண்டபத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் வெள்ளையும் இளம்பச்சையும், மேடையில் பெரிய பூ வளைவு, மேடை மேலேயே இவர்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட ஒரு நீள மேசை, கீழே உறவினருக்கு வட்ட மேசைகள். சாப்பாட்டு மேசைப் பூ எப்போதும் மோவாய்க்குக் கீழே அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒல்லியான உயர ஜாடியில் தலைக்கு மேலே போய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கண் மட்டத்தில், பூவை அடைக்கக் கூடாது. எதிரில் இருக்கிறவர் முகம் தெரியாவிட்டால் விருந்துக்கு வந்து என்ன பிரயோசனம்? இதைச் சொன்னதும் அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு மேடைக்கு நேர் எதிரே இருந்த ஒரு மேசையைத் தொட்டு, இது மட்டும் கண் மட்டத்துக்கு வைங்க, நல்லா அடர்த்தியா என்றான். அது பெண் வீட்டார் மேசை, அவள் அம்மாவும் அப்பாவும் உட்காரும் இடம். முகம் மறைக்குமேப்பா என்றேன். அடர்த்தியா இருந்தாத்தாம்மா போட்டோவுல அழகா இருக்கும் என்றான். அவளைப் பார்த்தேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும் ஆன்ட்டி என்று கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். காசு கொடுக்கிறவர் சொன்னபடி செய்ய வேண்டியதுதானே என்று நானும் குறித்துக்கொண்டேன்.

வரவேற்பு அன்றைக்கு மத்தியான விருந்து. அந்த மேசைக்கு ரோஜா, கார்னேஷன், பச்சை இலை எல்லாம் நெருக்கி ஒரு குத்துச்செடி போலவே கட்டிவைத்திருந்தேன், சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. விருந்தினர் உட்கார்ந்த பிறகு ஏதாவது சாய்ந்தால் நிமிர்த்திவைக்க நானும் கத்தரியும் சுவரோரமாக நிற்போம் அல்லவா, அப்படி நிற்கும்போது பார்த்தேன். மேடையிலிருந்து அந்தப் பெண் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டி அம்மாவைத் தேடுகிறாள். கீழே அந்த அம்மாவும் பூவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையைச் சாய்த்து மகளைத் தேடுகிறாள். ஒரு தடவை அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். உடனே அவன் மேடையிலிருந்து சிரித்தபடி கையமர்த்தி, உட்காருங்க அத்தை, சாப்பிடுங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எவ்வளவு பிரியமான மருமகன் என்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் எதற்காக அந்தப் பூவைக் கேட்டான் என்று புரிந்துவிட்டது. அவளுக்கு அம்மா முகம் தெரியக் கூடாது. கல்யாண நாளிலேயே, இத்தனை பேர் நடுவில், என் கையாலேயே கட்டிய பூவை வைத்து மறைத்திருக்கிறான்.

எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. வாடின பூவை எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போய், நட்டநடுவில் மளமளவென்று வெட்டிவிட்டேன். நான் வெட்ட வெட்டக் கத்தரி முறத்தில் வாங்கிக்கொண்டே இருந்தாள், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் ஜன்மத்தில் இப்படி வாயை மூடி நான் பார்த்ததில்லை. நடுவில் வழி விட்டதும் அந்த அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகள் சிரிக்கப் போனாள், அது சிரிப்பாக வரவில்லை. விருந்து முடிந்து நாங்கள் ஜாடிகளை அடுக்கும்போது அவன் என்னிடம் வந்தான். கத்தப் போகிறான் என்று நினைத்தேன். நல்ல கூர்மையான கண்ணும்மா உங்களுக்கு என்று மட்டும் சொன்னான், அதே மரியாதை, அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்படியும் விரல் சில்லிட்டுப் போய்க் கிடந்தது.

இது யாரோ எவரோ, நமக்கென்ன என்று விட்டிருப்பேன். பத்து நாளைக்கு முன் அந்தப் பெண்ணின் அம்மா, தங்கள் காரில் தவறுதலாக வந்துவிட்ட ஒரு ஜாடியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஜாடியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அன்னிக்கு அந்தப் பூவை ஏன் வெட்டினீங்க என்றாள். வாடிப் போச்சு என்றேன். வாடலை, நான் பார்த்துக்கிட்டேதானே உட்கார்ந்திருந்தேன் என்றாள். பொண்ணு எப்படி இருக்கா என்று பேச்சை மாற்றினேன். இருக்கா, போன் பண்றா, ஆனா என்ன கேட்டாலும் ஒரே பதில்தான், அவர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மாங்கறா, சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுத்தான் சொல்றா என்றாள். நான் இலை கிள்ளிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

என் கண்ணே, கேட்டுச் சொல்றேன் என்பது நீ சொல்கிற வார்த்தை. உனக்கு நீலச் சால்வை அனுப்பட்டுமா, பச்சை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு அப்படித்தான் சொன்னாய், கடைசியில் நானாகவே நீலத்தை அனுப்பினேன், சால்வை போர்த்துவது நீயா மாப்பிள்ளையா? சித்தி மகள் உன் ஊர்ப் பக்கம் வருகிறாள், ஒரு நாள் தங்கட்டுமா என்றதற்கும் கேட்டுச் சொல்றேன், அதற்கு அப்புறம் பதிலே இல்லை. போனில் முகம் பார்த்துப் பேசி எத்தனை மாதமாகிறது, கேமரா கெட்டுப் போச்சு என்கிறாய், கெட்ட போனைச் சரிசெய்ய அந்த ஊரில் ஆளே இல்லையா? நீ பேசும்போது குரலில் ஒரு எதிரொலி வருகிறது, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? நடுவில் ஒரு செருமல் கேட்கும், உடனே நீ, வைக்கட்டுமாம்மா என்பாய். மாப்பிள்ளைக்குச் சளி போலிருக்கிறது என்று கஷாயம் வைக்கும் பக்குவம் சொன்னேனே, எனக்கு எவ்வளவு மூளை பார்! போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் உன்னிடம் சும்மா கேட்பது போல, உனக்கு இப்பவும் லில்லி பிடிக்காதா என்றேன். எல்லாப் பூவும் நல்லாத்தானே இருக்கும்மா என்றாய். போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். உனக்கு வேலையில்லை, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திரியறே, புதுக் குடித்தனம், அவ அடங்கி ஒடுங்கிப் பேசினா நல்லதுதானே என்றார். சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மனுஷர் கடையை என்னிடம் விட்டுவிட்டு எங்கேயோ போனார். முடிவெட்டி, சட்டையை இஸ்திரி போட்டு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். போட்டோவில் சாட்சாத் திருடன் மாதிரி இருக்கிறார், கத்தரி பார்த்துவிட்டு, இவரை எந்த நாட்டுக்காரன் உள்ள விடுவான் என்றாள். எதுக்குங்க இது என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முழங்கால் பயிற்சி செய்ய உட்கார்ந்தார், நான் சொல்லாமலே. அப்போதுதான் அவரும் பயந்து போயிருக்கிறார் என்று தெரிந்தது, அதிலிருந்து என் பயம் இரண்டு பங்காகிவிட்டது.

நான் நினைப்பது எல்லாம் தப்பாக இருக்கலாம். மாப்பிள்ளை தங்கமான மனிதராக இருக்கலாம், அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கக் கூட எனக்கு வெட்கமில்லை, தப்பாக இருந்தால் போதும். ஆனால் சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன், கேட்டுக்கொள். உன் பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் உன் கையில் இருக்கிறதா என்று பார், இருந்தால் ஆபீஸ் மேசையிலேயே வைத்துப் பூட்டு. உன்னோடு வேலை செய்கிறவர்களில் நம்பிக்கையான ஒருத்தியிடமாவது நம் கடை நம்பரைக் கொடுத்துவை. அப்புறம், ஆபீஸ் போனிலிருந்து கடைக்குக் கூப்பிடு. என்ன நடந்தது, ஏது நடந்தது என்று ஒன்றும் விளக்க வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். அம்மா என்று ஒரு வார்த்தை சொல், அதுவும் வாயில் வராவிட்டால் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நில், எனக்குப் புரியும். நாங்கள் கிளம்பிவிடுவோம். ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும் என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திராதே, ஊர் வாயை மூட நான் இருக்கிறேன், என்னால் முடியாவிட்டால் கத்தரி இருக்கிறாள். நீ வருவதற்கு யாரையும் கேட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றுமே இல்லை, இந்த அம்மாவுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்றால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போனிலேயே கூப்பிட்டு, பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, என்னைக் கன்னாபின்னாவென்று திட்டு. கடுதாசியைப் பற்றி மூச்சு விடாதே. நீ அனுப்பின சால்வை கலர் சகிக்கலை, உனக்கு ரசனையே கிடையாதும்மா என்று திட்டு. நான் பதிலுக்குக் கத்துவேன், பின்னாலிருந்து அப்பாவும் சேர்ந்து கத்துவார். நீ ஒரு தடவை மனசார எதையாவது சகிக்கலை என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே எனக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்கிவிடும்.

நூறு வருஷம் நன்றாக இரு, அதில் ஒரு நாள்கூடப் பயந்துகொண்டு இருக்காதே. அப்பா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார், வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். இதை வீட்டுக்கு எடுத்துப் போகாதே, படித்ததும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடு. பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே.

உன் வாயால் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
அம்மா