ஃபேட்32-ஆ, என்.டி.எஃப்.எஸ்-ஆ

ஜூன் 16, திங்கள்
காலை முதல் மழை. வெள்ளிக்கிழமை பாடசாலைக்குப் பின்னால் மண்மேடு சரிந்ததில் என் வகுப்பறை அலுமாரி சேற்றுக்குள். இன்றுதான் தோண்டி எடுத்தோம்; பூட்டைத் திறந்து பார்த்தது நான் மட்டும். உள்ளே இருந்த பதினேழு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் கூழாகிவிட்டன. அத்தனையும் அசல். பெற்றோர் என்னிடம் கொடுத்துவைத்தவை. யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்கேன் லெப்டொப்பில் இருக்கிறது, நல்ல வேளை. பதிவு இலக்கம் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். எங்கள் பெயர்களை அங்கே எப்படியெல்லாம் மாற்றி எழுதிவைத்திருக்கிறார்களோ.

வீட்டில் லெப்டொப்பைப் போட்டேன். அப்டேட் என்று சுற்றியது. பாதியில் கரண்ட் போயிற்று. பட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுபடி போட்டால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.

ஜூன் 17, செவ்வாய்
பாடசாலை விட்டதும் ஹட்டன் பஸ். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "ஃபோமட் பண்ணணும் மிஸ். உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்." பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பிக்குக் கொழும்பில் கம்பியூட்டர் வேலை. போனில் பிடித்தேன். "பயப்படாதீங்கக்கா. பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுலருந்து ஸ்டார்ட் பண்ணுங்க. லெப்டொப்ல எதையும் தொடாது. உள்ள போயி கொப்பி பண்ணிக்கலாம்."

வாங்க: பென் டிரைவ் 2 (ஒன்று கொப்பிக்கு), பனடோல், மெழுகுவர்த்தி.

அவனிடமும் அசல் போன கதையைச் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்
பக்கத்து வகுப்பு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கம்பியூட்டரில், பென் டிரைவில் லினக்ஸ் போட முயற்சி. பென் டிரைவுக்கு எந்த ஃபோமட் என்று கேட்கிறது: ஃபேட்32, என்.டி.எஃப்.எஸ். எது? மழையில் தம்பியின் லைன் கிடைக்கவில்லை. இரண்டாவதுதான் புதுசு, பெரிய ஃபைலும் பிடிக்கும் என்றார் ஸ்டெல்லா. போட்டோம். லெப்டொப் பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லாமே செத்துவிட்டதோ?

"அடையாள அட்டை ஃபோம் அடுத்த கெழம போகணும். சான்றிதழெல்லாம் ஒங்கக்கிட்டத்தானே டீச்சர்?" ஸ்டெல்லா சாதாரணமாகத்தான் கேட்டார். தலையாட்டினேன். பொய்க்காரி.

ஜூன் 19, வியாழன்
மூடுபனி. தம்பி கிடைத்தான். "அந்த மெஷினுக்கு ஃபேட்32தான் வெளங்கும். மறுபடி போடுங்க. எந்த டிஸ்க்னு பாத்துப் போடுங்கக்கா, மாத்திட்டீங்கன்னா ஸ்டெல்லா டீச்சரோடது அழிஞ்சிரும்."

அளவைப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன். பென் டிரைவைக் கழற்றி மறுபடி செருகியும் பார்த்தேன். சாமியைக் கும்பிட்டுத்தான் ஸ்டார்ட்டை அமுக்கினேன்.

லெப்டொப் எழுந்தது! டிஸ்க் தெரிந்தது. ஃபோல்டர் திறந்தது. அழுதேவிட்டேன். கொப்பி எடுத்துக்கொண்டே எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினாறுதான். கவிதாவுடையது இல்லை. போன வருடம் எல்லாருடையதையும் ஸ்கேன் செய்தேன். அவள் சேர்ந்தது இந்த ஜனவரியில். வாங்கி அலுமாரியில் வைத்ததோடு சரி.

ஜூன் 20, வெள்ளி
கவிதாவின் அம்மா செல்வராணி, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு வாசலில் நின்றார். சான்றிதழைப் பார்த்து ஃபோமில் இலக்கம் எழுத வேண்டுமாம். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். பதினாறு கிடைத்ததையும் எதற்கோ சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பெரட்டுல பேர் கூப்பிடுற நேரமாச்சு," என்று திரும்பினார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். "எங்க லயத்துக் காம்பரா கூர ஒழுகுதுன்னுதானே டீச்சர் ஒங்கக்கிட்ட குடுத்தேன்."