கணக்கில் வராத ஆட்டம்

2011 நவம்பர் 12, சனி

இன்று எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு ஆட்டம் இல்லை. முற்றத்து இலைகளை வாரிக்கொண்டே வானொலி கேட்டேன். டாரன்ட் 45, மோஸ்லி 3. அவ்வளவுதான். கிழக்குப் பிரிவின் முதலிடம் மறுபடியும் டாரன்ட் கல்லூரிக்கு. இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் போகிறார்கள்.

அந்த டாரன்டைத்தான் போன மாதம் எங்கள் பையன்கள் பதினான்கு புள்ளி வித்தியாசத்தில் அடித்தார்கள்.

வாருகோலைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். என் கணவன் வெண்டல் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “மோஸ்லியா? அவங்கள நம்ம சர்ச் பாடகர் குழுவே தோக்கடிச்சிடும்” என்றான். சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

கோபம் தணியவில்லை. யாராவது கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே என்று எழுதிப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு கல்லூரிகளின் கூட்டமைப்பு. கிழக்கில் ஆறு, மேற்கில் ஆறு. சொந்தப் பிரிவில் ஐந்து பேரோடும் ஆடுகிறோம். எதிர்ப் பிரிவில் மூன்று பேரோடு. அதில் இருவர் ஆண்டுக்காண்டு மாறுவார்கள், ஒருவர் மாறவே மாட்டார். எங்களுக்கு, அதாவது வெதர்பிக்கு, அந்த மாறாத ஒருவர் கிரான்டல். மேற்கில் எல்லாரையும் நசுக்குகிற கிரான்டல். டாரன்டுக்கு மாறாத ஒருவர் மோஸ்லி, ஆண்டுக்கு ஒரு வெற்றி கண்டாலே கொண்டாடுகிற மோஸ்லி. கடைசியில் எட்டு ஆட்டங்களையும் ஒரே தராசில் போட்டு முதலிடம் தருகிறார்கள். இரண்டு பிரிவிலும் முதலிடம் வந்தவர்கள் இறுதி ஆட்டத்தில் மோதுவார்கள்.

இந்த ஆண்டு கிழக்குக்குள் எங்களுக்கு ஒரு தோல்வி, டாரன்டுக்கும் ஒரு தோல்வி. அதுவும் எங்களிடம்தான். வித்தியாசம் கிரான்டலும் மோஸ்லியும் மட்டும்.

ஒன்பது ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். இதே கதை மூன்று முறை. மூன்று! நான் இந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர். ஆறு ஆண்டாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை என் கண்ணில் ஏன் படவில்லை?

2012 ஜனவரி 16, திங்கள்

கல்லூரித் தலைவர் விட்காம்ப் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “நடீன், பிகெட்டுக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம். இறுதி ஆட்டத்துக்குப் போகலேன்னா வேற கோச் பாருங்க. பழைய மாணவர்கள் என் உயிர எடுக்கறாங்க.”

ஓடெல் பிகெட் ஒன்பது ஆண்டாக எங்கள் ஃபுட்பால் கோச். அவர் கையில் படித்த பையன்களில் பட்டம் வாங்காமல் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். போய்ச் சொன்னேன். வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, “சரிங்க மேடம். அட்டவணைய நான் போடல. பையன்களுக்கு ஆடத்தான் சொல்லித் தர்றேன்” என்றார்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படவே இல்லை, அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 5, ஞாயிறு

வாய்விட்டுவிட்டேன். சாப்பாட்டின்போது, கிரான்டலோடு ஆண்டுதோறும் ஆடுவதை நிறுத்தும்படி கூட்டமைப்பில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்றேன். வெண்டல் முள்கரண்டியை வைத்துவிட்டான்.

“எந்த ஆட்டத்த?”

“கிரான்டல்.”

“1908லேர்ந்து நடக்கற ஆட்டம் அது.”

“பதினாறு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கோம், வெண்டல்.”

“தோத்தா தோக்கறோம்! உனக்கென்ன, நீ வாலிபால் ஆடினவ. அந்த மைதானத்துல என் மூக்கு ரெண்டு தடவ உடைஞ்சிருக்கு. கிரான்டல்காரன் வராத அக்டோபர் ஒரு அக்டோபரா?”

இருபத்தேழு ஆண்டு தாம்பத்தியத்தில் அவன் மாட்டிறைச்சி வறுவலை மீதி வைத்தது இன்றுதான்.

பிப்ரவரி 8, புதன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. வெண்டல் சொன்னானா, நானே தொலைபேசியில் கத்தினேனா? முடிதிருத்தும் கடையில், பெட்ரோல் பங்க்கில், எங்கே போனாலும் ஒரே பார்வை. தபால் நிலையத்தில் ஒரு பெரியவர், “ஏம்மா, தோக்கறது எங்க உரிமை. அதப் பறிக்க நீ யாரு?” என்றே கேட்டுவிட்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரி 11, சனி

வெண்டல் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரேஜில் புல்வெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

“உனக்கு வேண்டியது ஆட்டமா, முதலிடமா?”

“ஆட்டம்.”

“பிகெட்டுக்கு வேண்டியது?”

“முதலிடம். பாவம், வேலை போயிடுமே.”

“ரெண்டையும் ஏன் ஒண்ணா கட்டி வச்சிருக்காங்க?”

திரும்பிப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. நிஜமாக அதுவரை தோன்றவே இல்லை! ஆட்டம் இருக்கட்டும். கிழக்கில் யார் முதல் என்பதைக் கிழக்குக்குள் ஆடிய ஐந்து ஆட்டங்களை வைத்து மட்டும் முடிவு செய்யட்டும். அந்த ஐந்தும் எல்லாருக்கும் ஒன்றுதான். சமம் வந்தால் நேருக்கு நேர் ஜெயித்தவர் முதல். எதிர்ப் பிரிவோடு ஆடுவதைப் பெருமைக்காக ஆடலாம்.

“கணக்குல வராத ஆட்டத்துக்கு எவன் வருவான்?” என்றான்.

“1908ல பிரிவே கிடையாது. அப்ப எந்தக் கணக்குக்காக வந்தாங்க?”

திருப்புளியை எடுத்துத் தரச் சொன்னான். ஆறு நாளுக்குப் பிறகு வீட்டில் பேச்சு.

மார்ச் 19, திங்கள்

தொலைபேசி, தொலைபேசி, தொலைபேசி. பன்னிரண்டில் எட்டு வாக்கு வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஏழு. எப்படி எண்ணினாலும் ஏழு.

மே 22, செவ்வாய். சட்டனூகா, ஓட்டல் அறை

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூட்டமைப்பின் கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்தேன். கிரான்டலின் இயக்குநர் கார்லைல் ஸ்டோக்ஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “பாரும்மா நடீன், ஜெயிக்க முடியலேன்னா நல்லா ஆடணும். விதிய மாத்தக் கூடாது” என்றார். சிலர் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. “உங்களோட ஆடறத நிறுத்தச் சொல்லல, கார்லைல். டாரன்ட் உங்களோட ஆடாததுக்கு நாங்க ஏன் அபராதம் கட்டணும்னுதான் கேக்கறேன்” என்றேன்.

வாக்கெடுப்புக்கு முன் டாரன்டின் இயக்குநர் ரூஃபஸ் டெல்காம்ப் எழுந்தார். பழைய விதியால் லாபம் அடைகிறவரே அவர்தானே. ஏழு வாக்கில் ஒன்றிரண்டையும் கரைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

குளிர்பானக் குவளையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எங்க பசங்க மூணு தடவ கிழக்குல முதலிடம் வந்திருக்காங்க. மூணுக்கும் பக்கத்துல ஒரு ‘ஆனா’ ஒட்டிக்கிட்டு நிக்குது. ஜெயிச்சாங்க, ஆனா மோஸ்லியோட ஆடினாங்க. ஜெயிச்சாங்க, ஆனா வெதர்பிகிட்ட தோத்தாங்க. போன மாசம் எங்க டீம் கேப்டன் கல்யாணத்துல பொண்ணோட அப்பாவே அதச் சொல்லிச் சிரிச்சார். அந்தப் பையன் முகத்த நான் பாத்தேன். எனக்கு அந்த ‘ஆனா’ வேணாம். என் வாக்கு நடீனுக்கு.”

எட்டுக்கு நாலு.

நிறைவேறியது! இந்த ஆண்டிலிருந்தே அமல். ஆட்ட அட்டவணையில் ஒரு தேதிகூட மாற வேண்டியதில்லை, எண்ணுகிற முறை மட்டும் மாறுகிறது.

வெளியே வந்து ரூஃபஸ் கையைப் பிடித்துக்கொண்டேன். “நன்றியெல்லாம் வேணாம். நவம்பர்ல எங்க ஊருக்கு வர்றீங்கல்ல, அப்ப பாருங்க” என்றார்.

வெண்டலுக்குத் தொலைபேசி செய்தேன். “அப்ப கிரான்டல் வருதா?”

“வருது.”

“நீ என் தங்கம்” என்று சொல்லிவிட்டு, உடனே வைத்துவிட்டான். வெட்கம்.

செப்டம்பர் 29, சனி

கிழக்கில் இரண்டுக்கு இரண்டு வெற்றி. டாரன்டும் அப்படியே. ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற அவர்களுடைய முதல் குவார்ட்டர்பேக் தோளில் அடிபட்டுப் படுத்திருந்த இரண்டு வாரத்தில் மேற்குக் கல்லூரிகள் இரண்டிடம் தோற்றிருக்கிறார்கள். புது விதிப்படி அது அவர்களைப் பாதிக்காது. அது எனக்கும் தெரியும்.

அக்டோபர் 27, சனி

தொண்டை போய்விட்டது. எழுதத்தான் முடியும்.

கணக்கில் வராத ஆட்டத்துக்கு எவன் வருவான் என்றானே, உட்கார இடம் இல்லை! வேலிக்கு வெளியே சரக்கு வண்டிகளின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

நாற்பது விநாடி பாக்கி. கிரான்டல் 27, நாங்கள் 20. எங்கள் பையன் ஒருவன் கையில் பந்தோடு, பிடித்த மூன்று பேரை இழுத்துக்கொண்டே கோட்டுக்குள் விழுந்தான். ஆறு புள்ளி. 26. இனி பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமம், கூடுதல் நேரம். அல்லது இன்னொரு முறை கோட்டைக் கடக்கப் பார்க்கலாம். கடந்தால் இரண்டு புள்ளி, வெற்றி. கடக்காவிட்டால் எல்லாம் போச்சு. ஒன்பது ஆண்டில் ஓடெல் பிகெட் இந்த மாதிரி இடத்தில் உதைக்காமல் இருந்ததே இல்லை.

இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

பந்து இடது பக்கம் போவதுபோல் போய் வலப்பக்கம் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை, வெண்டல் என்னைத் தூக்கிவிட்டான். ஐம்பத்தைந்து வயதில், மூட்டுவலியோடு!

28–27. பதினாறு ஆண்டு.

விட்காம்ப் கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறக்க மைதானத்துக்குள் ஓடினார். தபால் நிலையத்துப் பெரியவர் அழுதுகொண்டு நின்றார். ஓடெலிடம் போய்க் கேட்டேன், “ஏன் உதைக்கச் சொல்லல?”

“கணக்குல வராத ஆட்டம்தானே மேடம்? எதுக்குப் பயப்படணும்? இத்தன வருஷமா இவங்களோட பயந்து பயந்தே ஆடியிருக்கேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

நவம்பர் 10, சனி

டாரன்ட் 24, வெதர்பி 21.

கிழக்கில் இரு தரப்பும் நான்குக்கு நான்கு வெற்றியோடு போனோம். இன்று ஜெயித்தவர் முதல். அவர்கள் ஜெயித்தார்கள். கடைசிவரை நன்றாக ஆடினார்கள். நடுவர் தவறில்லை, மழையில்லை, சாக்கு எதுவுமில்லை.

ரூஃபஸ் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன், “இதுல ‘ஆனா’ இல்ல.” கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நவம்பர் 11, ஞாயிறு

சர்ச் வாசலில் ஆறு பேராவது கணக்குச் சொன்னார்கள். பழைய விதி இருந்திருந்தால் எட்டு ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு தோல்வி, டாரன்டுக்கு இரண்டு. முதலிடம் எங்களுக்கு. இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் போயிருப்போம்.

“உன் விதியே உன்னைக் கடிச்சிடுச்சே, நடீன்.”

ஆமாம், கடித்துவிட்டது. வலிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். நேற்று வண்டியில் வரும்போது நானும் அதே கூட்டலைத்தான் போட்டேன், மூன்று முறை. ஆனால் ஒரு மூட்டை விதையை ஒரே தராசில்தானே நிறுக்க வேண்டும்? என் பக்கம் தாழும்போது ஒரு தராசு, உயரும்போது வேறொன்றா?

அவர்கள் எங்களை ஜெயித்தார்கள். அவர்கள் போகிறார்கள்.

நவம்பர் 12, திங்கள்

விட்காம்ப் அறைக்குப் போகும்போதே ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் போனேன்.

“இறுதி ஆட்டத்துக்குப் போகலையே” என்றார்.

“இல்ல. பிகெட்ட அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்பிடுங்க. விதிய மாத்தினது நான்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அனுப்பறதா? சனிக்கிழமை தோத்ததுக்கு அப்புறம் எத்தன பழைய மாணவங்க கூப்பிட்டாங்க தெரியுமா? பிகெட்ட யாராவது தூக்கிட்டுப் போறதுக்குள்ள நாலு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுங்கறாங்க. கிரான்டல ஜெயிச்ச மனுஷன அனுப்பினா என் வீட்டுக் கண்ணாடி தப்புமா?”

ஓடெலிடம் சொன்னபோது விதைத் தோலைத் துப்பக்கூட மறந்து, விழுங்கிவிட்டார். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். இருமல் தண்ணீர்தான் என்று இரண்டு முறை சொன்னார்.

நவம்பர் 24, சனி

இறுதி ஆட்டம். டாரன்ட் 17, கிரான்டல் 13.

வெண்டல் வரவேற்பறையில் நின்றுகொண்டே பார்த்தான். “அடிடா அவன! விடாத!” டாரன்டுக்காக! இவன் வாயிலிருந்து! “கிரான்டல ரெண்டு பேர்தான் இந்த வருஷம் தோக்கடிச்சிருக்கோம், நாமும் அவங்களும்” என்று ஆட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலிக்கு மேல் எட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். “அவங்களும்” என்றதில் ஒரு பங்காளிப் பாசம்.

2013 ஜனவரி 15, செவ்வாய்

கூட்டமைப்பின் காலைச் சிற்றுண்டிக் கூட்டம். முட்டை ஆறிப்போயிருந்தது, ரொட்டி நன்றாக இருந்தது. மூன்றாவது பொருளாகக் கார்லைல் ஸ்டோக்ஸ் எழுந்து, பழைய முறைக்கே திரும்பலாம் என்று முன்மொழிந்தார். பேசும்போது என்னையே பார்த்தார்.

“ஒரு வருஷம் சோதனை பண்ணிப் பாத்தாச்சு. இதனால யாருக்கு நஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும். வெதர்பிக்குத்தான். நடீன் வழிமொழிவாங்கன்னு நம்பறேன்.”

கூட்டத் தலைவர், “வழிமொழிபவர் உண்டா?” என்றார். மேசையைச் சுற்றியிருந்த தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. ரூஃபஸ் மட்டும் குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரூஃபஸ், அந்த வெண்ணெயக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க” என்றேன்.

தள்ளினார். ரொட்டியில் தடவ ஆரம்பித்தேன். வழிமொழிய வேறு யாரும் கை தூக்கவில்லை. தலைவர் காகிதத்தில் மூன்றாவது பொருளின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

நான்காவது பொருள், மகளிர் வாலிபால் அட்டவணை. அதில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.