குங்குமமும் மூடு பொத்தானும்

ஐப்பசி 3, திங்கள்

மழை வரவில்லை. பாளையங்கோட்டையில் சுள்ளென்று வெயில். ஆபீஸ் மின்விசிறி ரிப்பேர், ஆள் நாளைக்குத்தான்.

சிறு தொழில்கூடங்களுக்காக நாங்கள் செய்கிற தமிழ் டெஸ்க்டாப்பில் கணினியைப் போட்டதும் எந்தத் தீம், அதாவது திரைத் தோற்றம், முதலில் வருவது? இரண்டு மிச்சம். ஹரியுடையது கறுப்பு, திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடது மேல் மூலையில் சிவப்புப் புள்ளி, அழுத்தினால் மூடும். என்னுடையது வெளிர் மஞ்சள். அதே இடத்தில் 'மூடு' என்று எழுத்திலேயே.

ஹரி: "பாக்க பாடப் புஸ்தகம் மாதிரி இருக்கு. பிடிச்சவங்க உன் தீமுக்கு மாத்திக்கிடட்டும்."

யார் மாற்றுவார்கள்? எங்கள் வீட்டுக் கணினியில் கடைக்காரர் போட்டுக்கொடுத்த ரோஜாப்பூப் படம் ஆறு வருடமாக அசையவில்லை. முதலில் வராவிட்டால் என் இரண்டு வருட வேலையை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

குழுத் தலைவர் முருகேசன் சார் ஹரி பக்கம். ஆனாலும், "எதுக்கும் ஆளுகள்ட்ட குடுத்துப் பாத்துருவோம்" என்றார். முடிவு வெள்ளிக்கிழமை.

வாங்க: தேங்காய் எண்ணெய், செல் சார்ஜர்.

ஐப்பசி 5, புதன்

கல்லிடைக்குறிச்சி, அப்பளக் கம்பெனி. ஹரியும் கூட, அவன் ஊர்தான். முற்றம் முழுக்க அப்பளம் காய்கிறது.

கணக்குப் பார்க்கும் இசக்கியம்மாள் அக்காவுக்குக் காலையில் ஹரியின் கறுப்புத் தீம் போட்டுக்கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனோம். மதியம் வந்தால் பதினேழு ஜன்னல் திறந்து கிடக்கிறது. கணினி நகரவில்லை.

"ஏன்க்கா ஒண்ணக்கூட மூடல?" என்றேன்.

"எங்கன மூட?"

ஹரி சிவப்புப் புள்ளியைக் காட்டினான்.

"அது பூசைக்கு வச்ச குங்குமம்லா. அதப் போயி அமுக்கச் சொல்லுதீயளே."

உண்மைதான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் மானிட்டரின் நான்கு மூலையிலும் அப்படியே. யாரும் துடைப்பதில்லை. இடது மூலைப் பொட்டுக்கு ஒட்டினாற்போல ஹரியின் புள்ளி, அதே சிவப்பு. எங்கள் ஆபீஸ் கணினிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தவனே ஹரிதான்.

சிரிப்பு வந்துவிடும் என்று முற்றத்துக்குப் போய் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமில்லாத சந்தோஷம்.

பஸ் சேரன்மகாதேவி தாண்டியது. ஹரி, "எங்கம்மாவும் அதத்தான் சொல்லியிருப்பா" என்றான்.

ஐப்பசி 7, வெள்ளி

தூறல். கூட்டம் பத்து நிமிடம்கூட இல்லை. மஞ்சளுக்கு முதலில் கை தூக்கியது ஹரி. நல்ல பயல். முருகேசன் சார்: "அப்பம் மஞ்சளே முதல்ல வரட்டும்."

ஜெயித்தேன். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ஜெயித்தேன்.

முட்டை பரோட்டா இரண்டு. சார்ஜர் வாங்க மறந்தாயிற்று.

ஐப்பசி 8, சனி

மறுபடி கல்லிடைக்குறிச்சி. என் மஞ்சள் தீம் போட்டேன். அக்கா ஐந்து ஜன்னல் திறந்தார், ஐந்தையும் மூடினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். "புதுசுலா. பொட்டு வைக்காண்டாமா?"

விரல் நேராகத் திரையின் இடது மூலைக்குப் போயிற்று. அக்காவே நிறுத்தி, விரலைக் கீழே மானிட்டர் சட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"அங்கன வைக்கப்பிடாது பிள்ள. அது மூடுதது."