ஆறாம் எண் வீட்டின் வேலைக்காரி

3 பிப்ரவரி 1834, திங்கள்
பக்கத்து ஏழாம் எண் வீட்டு ஆர்ச்சர்ட் அம்மாள் இன்றும் படுக்கையை விட்டு எழவில்லை. காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் மூன்று தட்டு. தட்டியது மகள் டோர்கஸ். உயிரோடிருக்கிறோம் என்று அர்த்தம். நானும் அடுப்பு இடுக்கியால் பதிலுக்குத் தட்டினேன். பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு இப்படித்தான் பொழுது விடிகிறது.

11 பிப்ரவரி
போய்விட்டாள்.

15 பிப்ரவரி, சனி
அடக்கம் முடிந்தது. மழை. இல்லத்து மேற்பார்வையாளர் கல்லறை வாசலிலேயே டோர்கஸிடம் சொன்னார்: "பதினாலு நாளுக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்மா. விதி அப்படி."

நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்த இல்லத்தைக் கட்டிய பிஷப் போதகர்களின் விதவைகளை நினைத்தார். கல்யாணமாகாத மகள் தாயோடு இருக்கலாம் என்றும் எழுதினார். தாய் போனபின் மகள் எங்கே போவாள்? அதை மறந்துவிட்டாரே, புண்ணியவான்! டோர்கஸுக்கு நாற்பத்தொன்பது வயது. மான்செஸ்டரில் ஒரு அண்ணன், ஏழு பிள்ளைகளோடு.

16 பிப்ரவரி, ஞாயிறு
பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. ஆலயச் சுவரில் மாட்டியிருக்கும் விதிப்பலகையை முழுசாகப் படித்தேன். ஒன்பதாவது விதி: விதவை ஒவ்வொருத்தியும் ஒரு வேலைக்காரியை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேலைக்காரி இல்லை. ஆமென் சொல்லவே மறந்துவிட்டேன்.

17 பிப்ரவரி
என் வேலைக்காரி என்று பெயரெழுதி என்னோடு தங்குகிறாயா என்று டோர்கஸிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

"போதகர் மகள வேலைக்காரின்னு எழுதப் போறீங்களா? ஞாயித்துக்கெழம கடைசி பெஞ்சுல, சமையக்காரிங்களோட உக்காரணுமா? எங்கம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்கண்ணன் வீட்டுல மட்டும் ராணியாவா இருக்கப் போற? ஏழு புள்ளைங்களுக்கும் துணி தொவைக்கத்தான கூப்பிடறான்!"

கதவைச் சாத்திக்கொண்டாள். வாய், வாய்! என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய்.

20 பிப்ரவரி
மூன்று நாளாகச் சுவரில் சத்தமில்லை.

24 பிப்ரவரி
பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. அவளுக்கு உதவப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேனே — பொய். எனக்குத்தான் அவள் வேண்டும். பதில் தட்டாத சுவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இதை அவளிடம் சொல்லவேயில்லையே! ஒன்பதாவது விதி என்று பலகையை ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறேன், கிழட்டு மடச்சி.

25 பிப்ரவரி
போய்ச் சொல்லிவிட்டேன். அழுதும்விட்டேன். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

28 பிப்ரவரி, வெள்ளி
காலையில் மூன்று தட்டு. சுவரில் இல்லை, என் வாசற்கதவில். பெட்டியோடு நிற்கிறாள்.

"இனிமே எந்தச் சுவத்தத் தட்டறது நான்?"

ஒரு கைப்பிடியை அவள் பிடிக்க, மறு கைப்பிடியை நான் பிடித்துப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தோம்.

2 மார்ச், ஞாயிறு
ஆலயத்தில் டோர்கஸ் தலையைக் குனிந்துகொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். எத்தனை கண்கள் அவள் முதுகில்! முன் வரிசையில் என் இடம் காலியாகக் கிடந்தது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க ஏன் வந்தீங்க? உங்க எடம் முன்னாடி."

"முன்னாடி உக்காந்தா பிரசங்கம் ரொம்ப நல்லாக் கேக்குதுடி."

சிரித்துவிட்டாள். அடக்கத்துக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. ஆலயமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். எங்கள் இருவருக்கும் ஒரே பாட்டுப் புத்தகம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் பக்கம் திருப்பினேன்.