என் முட்டிக்கு ஒன்றுமில்லை

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம். அம்மா, உன் முட்டி வலி தேவலையா? என் முட்டிக்கு ஒன்றுமில்லை. யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

சமூகக் கூடத்தில் நான் நடத்தும் முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் பல பாஷைக்காரர்கள் இருக்கிறார்கள். வீம்பு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டேன். உட்கார்ந்தால் கிழம் என்று ஒத்துக்கொண்ட மாதிரியாம், ஒருவரும் உட்காரவில்லை. நம் பாஷை பேசும் தையல்காரம்மா கால் நடுங்க நின்றார். நானா விடுவேன்?

"எனக்கு முட்டி வலி. இன்னைக்கு உக்காந்துதான் சொல்லித்தருவேன்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

"பாவம், தம்பிக்குத் துணையா உக்காருவோம்" என்றார் தையல்காரம்மா. அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இப்போது வகுப்பு களைகட்டுகிறது. முடிந்தவர் நின்று செய்கிறார், முடியாதவர் கூச்சமில்லாமல் உட்கார்ந்து செய்கிறார்.

நாடகத்தை நிறுத்திவிடலாம்தான். ஆனால் உள்ளே நுழைந்ததுமே தையல்காரம்மா, "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்கிறார். இங்கே என்னை அப்படி விசாரிக்க வேறு யாரும் இல்லை.

அதனால் நீ முட்டியில் மாட்டும் பழைய பட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் நொண்டிக்கொண்டு போக வேண்டும்.

உன் மகன்